மேலே மழை, கீழே வெயில்

திருமூர்த்தி மலையின் பஞ்சலிங்க அருவிக்கு ஏறுகிறவர்கள் பார்ப்பது கடைசி ஒரு கிலோமீட்டர் காட்டை மட்டும்தான். அருவியின் கதை அதற்கு மேலே, மலைக் கிராமங்களில் தொடங்குகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கைக்கு வந்ததும் திருப்பூரில் இரண்டு கேள்விகள் எழும். நாளைக்குக் கறியா, மீனா? நாளைக்கு எங்கே போவது? ஊட்டி என்றால் செலவு இழுக்கும். குற்றாலம் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். பல்லடம், குடிமங்கலம் வழியாக உடுமலைப்பேட்டைக்கு அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து தெற்கே இன்னொரு இருபது. காலையில் பஸ் ஏறினால் உச்சிவெயிலுக்குள் அருவியில் தலையைக் கொடுத்துவிடலாம், இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பல வீடுகளில் ஒரே பதில்: திருமூர்த்தி மலை.

ஞாயிறு காலையில் அடிவாரத்தில் வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்தாலே பனியன் தொழிலின் வரிசை தெரியும். ஓவர்லாக் டெய்லர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் டேபிளில் வாரம் முழுக்க நின்று கால் வீங்கிய பெண்கள், அயர்ன் மேஜைச் சூட்டிலிருந்து தப்பி வந்த இளைஞர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனி விடுதிகளில் தங்கியிருப்பவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒரே டிசைனில் டீ-சர்ட் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊருக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு ஒரு மலையும் ஓர் அருவியும்.

அந்த அருவியை வெறும் குளியல் இடமாகப் பார்ப்பதில்தான் சிக்கல் இருக்கிறது. பஞ்சலிங்க அருவி என்பது மேலே பரந்து கிடக்கும் ஒரு காட்டின் கடைசிப் படி. மேலே என்ன நடக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு உயிர்களை விலையாகக் கொடுத்த இடம் இது.

ஒரு கிலோமீட்டர் காடு

பாதை அமணலிங்கேஸ்வரர் கோயிலிலிருந்து தொடங்குகிறது. பிரம்மா, விஷ்ணு, சிவன் மூவரும் ஒரே பெரும் பாறையில் குடிகொண்டிருப்பதாக நம்பப்படும் தலம். அத்திரி முனிவர் இல்லாத நேரத்தில் அனுசூயையைச் சோதிக்க வந்த மூவரையும் அவள் கைக்குழந்தைகளாக்கிப் பாலூட்டினாள் என்பது தலபுராணம். கோயிலை ஒட்டியே ஆறு ஓடுகிறது. பெரும் மழை பிடித்த நாட்களில் வெள்ளம் கோயிலுக்குள்ளேயே புகுந்துவிடும். சன்னதியைச் சுற்றிக் காட்டாற்று நீர் சுழன்று ஓடும் காட்சி உடுமலைக்காரர்களுக்குப் புதிதல்ல.

கோயிலைத் தாண்டினால் ஆற்றின் ஓரமாகவே ஏற்றம். தூரம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் சமதளத்தில் நடக்கும் ஒரு கிலோமீட்டரும் இதுவும் ஒன்றல்ல. முதலில் படிகளும் கைப்பிடிக் கம்பிகளும் துணைக்கு வருகின்றன. பிறகு வேர்கள் பின்னிய மண்பாதை, அதன்பின் பாறை. நாவலும் நீர்மருதும் அத்தியும் ஆற்றின் மேல் கவிந்திருப்பதால் வெயில் காசு காசாகத்தான் தரையில் விழுகிறது. வாரம் முழுக்க மோட்டார் இரைச்சலிலேயே இருந்த காதுக்கு முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் கேட்காத மாதிரி இருக்கும். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கும்: சில்வண்டு, தூரத்தில் யாரோ கூப்பிடும் குரல், எல்லாவற்றுக்கும் அடியில் தண்ணீர்.

கையில் கவர் வைத்திருப்பவர்களைக் குரங்குகள் தெரிந்து வைத்திருக்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டோ வாழைப்பழச் சீப்போ இல்லாத பையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இருக்கிற பையை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கின்றன. குழந்தையைத் தோளில் ஏற்றிய அப்பாக்கள் நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறும் பாட்டிகள் அவர்களைத் தாண்டிப் போவார்கள். அவர்களுக்கு இது சுற்றுலா இல்லை, மேலே இருக்கும் பஞ்சலிங்கங்களுக்குச் செய்யும் வழிபாடு.

திடீரென்று மரங்கள் விலகுகின்றன. கறுத்த பாறைச் சுவரின் மேலிருந்து தண்ணீர் இறங்குகிறது. குற்றாலம் மாதிரி அகன்ற திரை கிடையாது. நல்ல நீர்வரத்து உள்ள நாளில் நேராகத் தோளில் இடிக்கும் கனமான வீழ்ச்சி, வரத்துக் குறைந்த நாளில் பாறையைத் தழுவி வழியும் வெள்ளிக்கோடு. தடுப்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். ‘போதும் வாங்க, அடுத்தாளுக்கு விடுங்க’ என்பதுதான் அங்கே அதிகம் கேட்கும் வாசகம்.

கூட்டத்துக்கு நடுவே காவலுக்கு நிற்கும் கோயில் பணியாளர் மட்டும் குளிப்பவர்களை அதிகம் பார்ப்பதில்லை. அவர் பார்வை அடிக்கடி மேலே, பாறை விளிம்புக்குப் போய்வருகிறது.

இரண்டு கடல்களுக்கு நடுவே

அவர் பார்க்கும் விளிம்புக்கு அப்பால் ஆனைமலைத் தொடர் விரிகிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உடுமலை வனச்சரகம் இது. குருமலை, குழிப்பட்டி போன்ற மலைக் கிராமங்களைச் சுற்றியுள்ள சரிவுகளில் பெய்யும் மழை, கொட்டையாறு, குருமலையாறு, உப்புமண்ணம் ஓடை என்று உள்ளூர்ப் பெயர்கள் கொண்ட பல ஓடைகளாகச் சேர்ந்து, கடைசியில் இந்தப் பாறையின் மேல் வந்து விழுகிறது. விழுந்தபின் அதன் பெயர் பாலாறு. வேலூர்ப் பாலாறு வேறு, இந்தப் பாலாறு வேறு.

வரைபடத்தில் பார்த்தால் இந்த ஆறு ஆழியாற்றுக் குடும்பத்தைச் சேர்ந்தது; ஆழியாறு பாரதப்புழையைச் சேர்ந்தது. அதாவது மனிதக் கை படாமல் விட்டிருந்தால் பஞ்சலிங்க அருவித் தண்ணீர் பாலக்காட்டு வழியாக அரபிக்கடலுக்குப் போயிருக்கும். அதை மறித்துக் கிழக்கே திருப்பியது பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். பி.ஏ.பி. என்றால்தான் கொங்கு விவசாயிக்குச் சட்டென்று புரியும். 1961 அக்டோபரில் பிரதமர் நேரு தொடங்கி வைத்த திட்டம். காமராஜர் முதல்வர், சி.சுப்பிரமணியம் அமைச்சர். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, பாலாறு என்று எட்டு ஆறுகளைச் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் கோத்து, மேற்கே போகும் நீரைக் கிழக்கே கொண்டுவந்தார்கள். கேரளத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 1970-இல். எட்டு ஆறுகளில் கடைசியாகச் சொல்லப்படும் பாலாற்றின் குறுக்கே கட்டியதுதான் அறுபதடி உயரத் திருமூர்த்தி அணை.

அருவித் தண்ணீர் மட்டும் அணையை நிரப்பாது. சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து மலையின் இடுப்பை ஒட்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வரும் காண்டூர் கால்வாய்தான் பெரும்பங்கைக் கொண்டுவருகிறது. அணையிலிருந்து கோவை, திருப்பூர் மாவட்டங்களில் மூன்றே முக்கால் லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். கடைமடையான காங்கேயம், வெள்ளகோவில் வரை அது போய்ச் சேர்வதற்குள் எத்தனை மனு, எத்தனை போராட்டம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளுக்குத்தான் தெரியும்.

அந்தக் கடைமடைக் கிராமங்களிலிருந்து பனியன் கம்பெனி வேனில் தினமும் திருப்பூருக்கு வேலைக்கு வருகிறவர்கள் ஏராளம். தண்ணீர் வராத பட்டத்தில் தோட்டத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்த குடும்பங்களும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அருவியில் குளிக்க வரும்போது அவர்கள் தங்கள் வாய்க்காலின் தலைமடைக்கே வந்து நிற்கிறார்கள். ஆடி அமாவாசைக்குச் சுற்றுப்பட்டு விவசாயிகள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு திருமூர்த்தி மலைக்கு வருவது இந்த உறவின் பழைய வடிவம். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய்க் கும்பிட்டுவிட்டு வருவது.

திருப்பூர் நகரத்தின் குடிநீர் இந்த மலையிலிருந்து வருவதில்லை; அது பவானியிலிருந்து குழாயில் வருகிறது. ஊரின் நடுவே ஓடும் நொய்யலோ வெள்ளியங்கிரியில் பிறப்பது. சாயக் கழிவு கலந்ததால் 2011 தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சுத்திகரிப்புக்கு மாறிய பின்பே அவை மீண்டும் இயங்கியதும் ஊர் மறக்காத வரலாறு. தண்ணீருக்கு என்ன விலை என்று நன்றாகத் தெரிந்த ஊர்.

எண்ணூறு டேங்கர்

2008 மே மாதம். கோடை விடுமுறை. உடுமலை அப்போது கோவை மாவட்டத்தில் இருந்தது. திருப்பூர் மாவட்டம் பிறந்தது அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான். பஞ்சலிங்க அருவியில் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே மலையில் பெய்த மழை காட்டாற்று வெள்ளமாக இறங்கியது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அருவியின் வரலாற்றில் ஆறாத நாள் அது.

மழை பெய்தால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கீழே தூறல்கூட இல்லாதபோது வெள்ளம் வரும் என்பதுதான் பலருக்கு மனதில் பதிவதில்லை. உடுமலைச் சமவெளி மழைமறைவுப் பிரதேசம். அணைக்கரையில் கண் கூசும் வெயில் அடிக்கும் அதே நேரத்தில் மலை முகட்டில் இடிமழை கொட்டலாம். கோடையில் மதியத்துக்கு மேல் திரளும் மேகமும், ஐப்பசி கார்த்திகை வடகிழக்குப் பருவமழையும் இதற்குப் பெயர் போனவை.

கணக்கு எளிது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர். திருப்பூர்த் தெருக்களில் ஓடும் பன்னிரண்டாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் எண்ணூறு லாரிக்கு மேல். மண் வறண்டிருந்தால் ஒரு பகுதியைக் குடித்துக்கொள்ளும். ஏற்கெனவே ஊறிப்போன மண்ணும் வழுக்குப் பாறையும் குடிக்காது. வந்ததை வந்த வேகத்தில் கீழே அனுப்பும். சரிவு செங்குத்தாக இருப்பதால் அந்தத் தண்ணீர் வந்து சேர நாள் கணக்கு ஆவதில்லை. ஓடைகள் ஒவ்வொன்றிலும் வரும் வெள்ளம் ஒரே நேரத்தில் பாறை விளிம்புக்கு வந்துவிட்டால் அருவியின் உருவமே மாறிப்போகும்.

முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. வேகமாக ஓடும் வெள்ளத்தில் அரையடி நீரே பெரியவர் ஒருவரைத் தடுமாற வைக்கப் போதும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அதோடு கிளையும் கல்லும் உருண்டு வரும். நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் அங்கே இல்லை.

மலை தகவல் சொல்லாமல் வெள்ளத்தை அனுப்புவதில்லை. பல நேரம் கவனிக்க ஆளில்லை என்பதுதான் உண்மை. தெளிந்த நீர் திடீரென்று கலங்கி மண்ணிறமாகும். சருகும் சுள்ளியும் மிதந்து வரும். இரைச்சலின் சுருதி மாறும். பாறையில் ஒரு விரற்கடை மேலே ஈரம் ஏறியிருக்கும். இதில் எது கண்ணில் பட்டாலும் துண்டு, செருப்பு, செல்போன் எதையும் தேடாமல் கரையேறி மேட்டுக்குப் போய்விட வேண்டும். பாறையின் நடுவே மாட்டிக்கொண்டவர்களில் பலர் செய்யும் தவறு, கொஞ்சம் வடியட்டும் என்று அங்கேயே காத்திருப்பது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததும் இதே வகை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓட, பதினேழு வயது மாணவர் ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்றது. அங்கேயும் மே மாதம், அங்கேயும் மேலே பெய்த மழை.

பஞ்சலிங்கத்தில் இப்போது நீர்வரத்து கூடினாலே குளிக்கத் தடை போடுகிறார்கள். மழைக்காலத்தில் வாரக்கணக்கில்கூடத் தடை நீள்வதுண்டு. பஸ் பிடித்து, குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களுக்குக் கோபம் வருவது இயல்பு. வெயில் பளிச்சென்று அடிக்கிறதே, எதற்குத் தடை என்று பணியாளர்களோடு வாக்குவாதம் நடக்கும். அடிவாரத்து வெயிலைக் காட்டி முகட்டு மழையை எதிர்த்து வாதாடுவது எவ்வளவு வீண் என்பது 2008-ஐ நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குருமலைப் பாதை

முகட்டில் என்ன மழை என்று முதலில் தெரிந்துகொள்பவர்கள் அங்கேயே வாழும் மக்கள். குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, கருமுட்டி, கோடந்தூர், தளிஞ்சி என்று உடுமலை, அமராவதி வனச்சரகங்களில் பழங்குடிக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. புலையர், முதுவர், மலைமலசர் உள்ளிட்டோர் வாழ்கிறார்கள். பீன்ஸும் மொச்சையும் கிழங்கும் விளைவிக்கிறார்கள். தைலப்புல்லை அறுத்து, காட்டோரத்திலேயே பெரிய பாத்திரத்தில் அடைத்து, அடியில் தீ மூட்டி, ஆவியைக் குழாய் வழியே குளிரவைத்துத் தைலம் இறக்குகிறார்கள். எலுமிச்சை மணம் வீசும் அந்தத் தைலம் கீழே வந்து சோப்புக்கும் மருந்துக்கும் போகிறது.

அருவிக்குப் போகிறவர் ஒரு கிலோமீட்டர் ஏறியதும் இளைப்பாறுகிறார். குருமலைக்காரருக்குத் திருமூர்த்தி மலையிலிருந்து ஊர் போய்ச் சேர இன்னும் பல கிலோமீட்டர் காட்டுப் பாதை. ரேஷன் அரிசி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தப் பாதை வழியாகத்தான். பிரசவ வலி எடுத்தால், பாம்பு கடித்தால், கம்பில் துணியைத் தொட்டிலாகக் கட்டி ஆளைச் சுமந்து இறக்குவார்கள். ஓடையில் வெள்ளம் வந்தால் அதுவும் நின்றுபோகும். குருமலை உள்ளிட்ட சில மலைக் கிராமங்கள் தளி பேரூராட்சியைச் சேர்ந்தவை. ஆங்கிலேயரை எதிர்த்த பாளையக்காரர் எத்தலப்ப நாயக்கரின் தளி அது. காகிதத்தில் பேரூராட்சிவாசிகள், நடைமுறையில் சாலை இல்லாதவர்கள்.

சாலை கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் போராடியும் வந்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவின்படி, பள்ளி, மருந்தகம், சாலை போன்ற பதின்மூன்று வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரங்களுக்கு மிகாமல் வெட்டி, கிராம சபையின் பரிந்துரையோடு பயன்படுத்தலாம். புலிகள் காப்பகத்துக்குள் சாலை என்றால் யானை வழித்தடம், வாகனப் போக்குவரத்து என்று வனத்துறைக்குக் கவலைகள் உண்டு. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காகக் கீழே படியும் கம்பியும் போட முடிந்த இடத்தில், மேலே ஆம்புலன்ஸ் போகும் அளவுக்கு ஒரு மண்சாலை ஏன் இவ்வளவு காலம் இழுக்க வேண்டும் என்ற அவர்களின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல.

அருவியின் பாதுகாப்பும் இதே முடிச்சில்தான் இருக்கிறது. குருமலை ஓடையில் தண்ணீர் ஏறியது என்று மேலேயிருந்து ஒரு தகவல் வந்தால், கீழே பாறையைக் காலிசெய்ய நேரம் கிடைக்கும். அந்தத் தகவலைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே வாழ்கிறவர்கள். மழைமானி, செல்போன் கோபுரம், அபாயச் சங்கு எல்லாம் நல்லதுதான். அவற்றோடு, மலைமேல் இருப்பவர்களைச் சம்பளம் கொடுத்து வெள்ளக் காவலர்களாக வைத்துக்கொள்வது அவற்றைவிட மலிவான ஏற்பாடு.

குரங்கணிக்குப் பிறகு

காட்டில் நடப்பதற்கு உள்ளூர்க்காரர் துணை வேண்டும் என்ற பாடத்தைத் தமிழ்நாடு இன்னொரு இடத்தில், இன்னும் கொடுமையாகக் கற்றது. 2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்குப் போய்த் திரும்பியவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இரண்டு குழுக்கள்: ஒன்று சென்னையிலிருந்து, மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து. காய்ந்த புல்வெளியில் காற்றோடு வந்த தீ. எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லை. சாவு எண்ணிக்கை கடைசியில் 23-ஐத் தொட்டது. கொங்கு வீடுகளிலும் இழவு விழுந்தது.

அதே ஆண்டில் மலையேற்றத்துக்கென்று தமிழ்நாடு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதி, வழிகாட்டி, குழுவின் அளவு, தீக்காலத் தடை எல்லாம் எழுத்தில் வந்தன. 2024 அக்டோபர் 24 அன்று ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் துணை முதல்வர் உதயநிதி ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பதினான்கு மாவட்டங்களில் நாற்பது பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து, இணையத்தில் முன்பதிவு. காட்டையொட்டி வாழும் பழங்குடி இளைஞர்களும் கிராமத்து இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். முதல் மூன்று மாதங்களில் நாலாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் நடந்தார்கள். வருமானம் 63 லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி வழிகாட்டிகளுக்கே போனது. 2025-இல் தீ அபாயக் காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை எல்லாப் பாதைகளையும் மூடினார்கள்.

திருப்பூர் மாவட்டத்துக்கு அந்தப் பட்டியலில் கிடைத்த பாதை சின்னார் சோதனைச் சாவடியிலிருந்து கூட்டாறு வரை. உடுமலையிலிருந்து மூணாறு சாலையில், ஒன்பதாறு சோதனைச் சாவடியைக் கடந்து யானைக்காட்டுக்குள் போக வேண்டும். பஞ்சலிங்கத்தின் நிழலும் ஈரமும் இங்கே கிடையாது. முட்புதரும் கள்ளியும் வெளிறிய மரங்களுமாக வறண்ட காடு. கோடையில் யானைக்கூட்டங்கள் இந்தச் சாலையைக் கடந்துதான் அமராவதி அணைக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும். பாம்பாறும் சின்னாறும் கலக்கும் இடம் கூட்டாறு. அங்கிருந்து ஆற்றுக்கு அமராவதி என்று பெயர்.

பாம்பாற்றின் மேல், எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சின்னார் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூவானம் அருவி விழுகிறது. 1984-இல் அறிவிக்கப்பட்ட, 90 சதுர கிலோமீட்டர் மட்டுமே கொண்ட சின்னச் சரணாலயம். நரை அணிலுக்குப் பேர் போனது. மறையூர் போகும் சாலையிலிருந்தே எதிர்மலையில் வெள்ளையாகத் தூவானம் தெரியும். பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் வனத்துறையிடம் கட்டணம் கட்டி, பழங்குடி வழிகாட்டியோடு சின்னக் குழுவாக நடக்க வேண்டும். தனியாக விடுவதில்லை. வழிகாட்டி சாணத்தைப் பார்த்து நின்றால் கூட்டமே நிற்கும். ஈரம் காயாத யானைச் சாணம் என்றால் வேறு பாதை, இல்லையென்றால் திரும்பிப் போவது. கட்டிய பணத்துக்கு அருவியைக் காட்டியே தீர வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பாம்பாறு கேரளத்தில் பிறந்து கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்று. தூவானத்தில் விழும் தண்ணீர் அமராவதியாகி, மடத்துக்குளம், தாராபுரம் வழியாகப் போய்க் கரூருக்கு அப்பால் காவிரியில் சேர்ந்து வங்காள விரிகுடாவை நோக்கிப் போகிறது. ஒரே மலைத்தொடரில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடக்கூடிய தொலைவில் இரண்டு அருவிகள். ஒன்று மேற்குக் கடலுக்குப் போக வேண்டியது, மற்றது கிழக்குக் கடலுக்கு.

தூவானம் மாதிரி எண்ணிக்கை வைத்து ஆள் அனுப்புவதைப் பஞ்சலிங்கத்துக்கு அப்படியே கொண்டுவர முடியாது. இது கோயில் அருவி. விரதம் இருந்து வருகிறவரிடம் ஆன்லைன் டிக்கெட் கேட்க முடியாது. வாரம் ஒரு நாள் விடுமுறையில் வரும் கூலிக்காரக் குடும்பத்திடம் நூற்றுக்கணக்கில் கட்டணம் வாங்கவும் கூடாது. ஆனால் ஒரு நேரத்தில் பாறையில் எத்தனை பேர் நிற்கலாம், மேலே மழை என்றால் எத்தனை நிமிடத்தில் இறக்க வேண்டும் என்ற கணக்குகளைக் காசு வாங்காமலும் கடைப்பிடிக்கலாம்.

பாறையில் சிக்கிய பனியன்

அருவிக்குக் கீழே, ஆறு வேகம் தணியும் இடத்தில் பாறை இடுக்குகளைப் பார்த்தால் துணி தொங்கும். குளித்த துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டால் பீடை கழியும் என்ற நம்பிக்கை பாபநாசம் முதல் பல நீர்த்துறைகளில் உண்டு, இங்கும் உண்டு. வேட்டி, பாவாடை, உள்பனியன், டிராக் பேன்ட். சிலவற்றின் கழுத்தில் சைஸ் லேபிள்கூட மங்காமல் இருக்கும். திருப்பூரில் தைத்தது திருமூர்த்தி மலையில் வந்து கிடக்கிறது.

பருத்தி என்றால் மண்ணோடு மக்கிப்போகும். இப்போது பின்னலாடையில் பாலியஸ்டர் கலப்பு கூடிக்கொண்டே போகிறது. அது மக்காது, நாராய் உதிர்ந்து அணைக்குள் இறங்கும். சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கான கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அதே அணையிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன. ஷாம்பு பாக்கெட், எண்ணெய் கவர், பிளாஸ்டிக் தட்டு எல்லாம் அதே வழி. துணியின் தரத்தை ஊசி முனையில் அளந்து, ஒரு தையல் விட்டுப்போனாலும் பீஸை ரிஜெக்ட் செய்யும் செக்கிங் கைகள் இந்த இடத்தில் மட்டும் ஏன் சும்மா இருக்கின்றன என்று கேட்கத் தோன்றுகிறது.

கிளம்புமுன்

தென்மேற்குப் பருவமழை அடங்கிய ஆவணி, புரட்டாசியிலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்திலும் போனால் நீரும் இருக்கும், நெரிசலும் ஓரளவு குறையும். அமாவாசை, சிவராத்திரி நாட்களில் கூட்டம் அலைமோதும். பருவம் எதுவானாலும், குளிக்க அனுமதி இருக்கிறதா என்று முதல்நாளே விசாரித்துவிட்டுப் பஸ் ஏறுவது நல்லது. மதியத்துக்குள் குளித்து இறங்கிவிட வேண்டும். கோடை இடிமழை மதியத்துக்கு மேல்தான் வரும். பிடிப்புள்ள செருப்பு போதும். குடித்துவிட்டு ஏறுவது தற்கொலைக்குச் சமம். அமராவதி நீர்த்தேக்கப் பக்கம் போனால் எக்காரணம் கொண்டும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அங்கே இருப்பவை பண்ணையில் அடைத்த முதலைகள் மட்டுமல்ல, அணைக்குள் சுதந்திரமாக வாழும் முதலைகளும்தான்.

தடைப் பலகை தொங்கும் நாளில் வந்து சேர்ந்தவர்களும் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அணைக்கரைக்கு நடந்தால் அங்கே மசாலா தடவிய ஜிலேபி மீன் வாணலியில் பொரிந்துகொண்டிருக்கும். திரும்பும் வழியில் உடுமலையில் பாடலாசிரியர் நாராயண கவியின் மணிமண்டபம் இருக்கிறது. பொழுது மிச்சம் இருந்தால் அமராவதி முதலைப் பண்ணை. குழந்தைகள் இருக்கும் வீட்டில், அருவியைவிட முதலைக்குத்தான் ஓட்டு அதிகம் விழும்.